ஏட்டின் எழுத்தும் உள்ளிருக்கும் பொருளும்

காவிரிப் படுகையில் நம்மவர் வாழும் ஊர்களின் பழைய இல்லங்களிலே அரபுத்தமிழ்க் கையெழுத்து ஏடு ஒன்று கிடைத்தால், எழுத்தைக் கண்ட மாத்திரத்தில் அதனை மார்க்க நூல் என்று பட்டியலில் எழுதிவிடுகிறோம். உள்ளே இருமலுக்கும் குளிர்காய்ச்சலுக்கும் உரிய மருந்து முறைகள் இருக்கக்கூடும். அப்படியாயின், மருத்துவம் தேடி வருபவர் அதனைக் காணப்போவதில்லை. அலமாரியில் இருந்தும் அந்நூல் இல்லாததாகிவிடுகிறது.

பாக்தாத் நகரத்துப் புத்தக வணிகர் இப்னு நதீம் ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987-88) தொகுத்த 'அல் ஃபிஹ்ரிஸ்த்' பத்துப் பகுதிகளைக் கொண்டது. ஏழாம் பகுதியில் மருத்துவர்களுக்கெனத் தனிப்பிரிவு வகுத்தார். கிரேக்கரான ஜாலீனூஸ், கிறிஸ்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக், முஸ்லிமான அர்ராஸி மூவரும் அங்கே ஒருங்கே இடம்பெற்றுள்ளனர். அவர்களை ஒன்றுசேர்த்தது மொழியன்று, சமயமன்று, நூற்பொருளேயாகும்.

மருத்துவம் என்று எழுதினால் மட்டும் போதுமா? போதாது என்று காட்டியவர் நம் மண்ணின் மைந்தர். அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அம்முறையில் மருத்துவத்துக்கு 'எல்' என்னும் எழுத்து, நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421. எந்த உறுப்பு, என்ன நோய், என்ன சிகிச்சை என்று சங்கிலிபோல் எண்கள் தொடரும். அச்சங்கிலியைக் கடைசிக் கண்ணியிலிருந்து திருப்பிப் படித்தால் பொருள் தலைப்புகள் கிடைத்துவிடும்: 'காசநோய், நுரையீரல், மருத்துவம்', 'நுரையீரல், மருத்துவம்', 'மருத்துவம்'. எக்கண்ணியைப் பற்றி வந்தாலும் வாசகர் நூலை அடைவார்.

எஞ்சுவது பெயர்ச் சிக்கல். காசநோயைக் க்ஷயம் என்பாரும் எலும்புருக்கி என்பாரும் உளர். யூனானி மருத்துவத்தில் அது 'ஸில்' எனப்படும். ஒன்றைத் தலைப்பாகக் கொண்டு, ஏனையவற்றின் கீழே 'காண்க' என்று வழிகாட்டுவதே முறை. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960இல் வெளியிட்ட மருத்துவப் பொருள் தலைப்புப் பட்டியலும் இவ்வழியே செல்கிறது. எனினும் பழம்பெயரை அழித்துவிடலாகாது. முன்னோர் சொன்ன நோய், இன்றைய பெயருக்கு முற்றும் பொருந்தாமலும் போகலாம். அவர்கள் எழுதிய சொல்லும் அட்டையில் இருக்கட்டும்.

ஆகவே, இல்லத்து ஏட்டைப் பட்டியலில் சேர்க்குமுன் உள்ளே படித்துப் பார்ப்போமாக. எழுத்து அரபு, மொழி தமிழ், பொருள் மருத்துவம், நோய் இன்னது என நான்கையும் குறிப்போமாக. அரபுத்தமிழைத் தடையின்றிப் படிக்கும் முதியோர் நம்மிடையே இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டிய பணி இது.