பதிவேட்டில் இடம்பெறாத முதுமை: கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்த கீழ்பென்னாத்தூரையும் அதைச் சூழ்ந்த வேர்க்கடலைக் கிராமங்களையும் அறிந்தவர்களுக்கு, அங்கே செவிலியர் வீடு தேடி வருவது புதுமையன்று என்பது தெரிந்திருக்கும். கர்ப்பிணியைப் பார்க்கவும், குழந்தைக்குத் தடுப்பூசி நாளை நினைவூட்டவும், குடும்பக் கட்டுப்பாட்டை எடுத்துரைக்கவும் 'நர்சம்மா' தலைமுறை தலைமுறையாக அவ்வீடுகளின் வாசற்படி ஏறியிருக்கிறார். ஆயினும் அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவியின் மனோநிலையை விசாரிப்பது அவருடைய உத்தியோகத்தைச் சேர்ந்ததாக நெடுங்காலம் கருதப்படவில்லை. இந்த விடுபாடு நேர்ந்த விதத்தையும், அது சிறிது சிறிதாக நீங்கிவரும் வழியையும் இங்கே ஆராய முற்படுகிறேன்.

1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகும் வரை இவ்வட்டாரம், வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காட்டில் அடங்கியிருந்தது. ஆகவே வேலூரின் வைத்திய சரித்திரத்தை விலக்கி இதனைப் பேச இயலாது. ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909-இல் தொடங்கிய செவிலியர் பயிற்சிப் பள்ளி 1946-இல் பட்டம் அளிக்கும் கல்லூரியாக உயர்ந்தது. 1957-இல் அவ்வம்மையார் நிறுவிய மருத்துவமனையைச் சார்ந்து வேலூரை அடுத்த பாகாயத்தில் மனநல மையம் ஏற்பட்டது. 1871 முதல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நடந்துவந்த பித்தர் விடுதியின் உயர்ந்த மதிலுக்கு மாறாக, பாகாயத்தில் நோயாளியுடன் உறவினரும் தங்கிப் பராமரிக்கும் முறை கையாளப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில், 1954-இல், இங்கிலாந்தின் வார்லிங்கம் பார்க் மருத்துவமனை தன் செவிலியர் இருவரை, சிகிச்சை முடிந்து திரும்பியவர்களின் இல்லங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. அங்கே செவிலியர் வீட்டுக்குப் போனார். இங்கே வீடே மருத்துவமனைக்கு வந்தது. இது நம்மவரின் குடும்பப் பற்றுக்கு ஏற்ற ஏற்பாடே எனினும், பாகாயம் வரை பிரயாணம் செய்ய மாட்டாத முதியவருக்கு இதனால் பயன் ஏதும் விளைந்திருக்காது.

சுதந்திரத்துக்குப் பின் கிராமத்துக்குச் சென்ற செவிலியரோ வேறொரு வழியில் வந்தவர். 1946-இல் வெளியான போர் (Bhore) குழுவின் சுகாதார அறிக்கையை அடியொற்றி ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன. துணைச் செவிலியரின் வேலை பிரசவத்தைச் சுற்றியே அமைந்தது. 1973-இல் கர்த்தார் சிங் குழு அவரைப் பல்நோக்கு ஊழியராக்கும்படி கூறிய பின்னரும், அவர் கையிலிருந்த முக்கியமான ஏடு 'தகுதியான தம்பதியர் பதிவேடு' என்பதாகவே இருந்தது. மனைவிக்கு 15 முதல் 49 வயது வரையுள்ள தம்பதியரே அதில் இடம்பெறுவர். ஐம்பதைத் தொட்ட நாளில் ஒரு பெண் அந்த ஏட்டிலிருந்து நீங்கிவிடுகிறாள். முதியோரின் மனத்துயரைச் செவிலியர் அலட்சியம் செய்தனர் என்று குறை கூறுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும். ஏட்டில் கட்டமில்லாத ஒன்றை ஊழியர் காணாதது அவர் குற்றமாகாது என்பதே என் அபிப்பிராயம்.

மனோவியாதி சிகிச்சையைக் கிராமத்துக்குக் கொண்டுசெல்லும் முயற்சி தனியே நடந்தது. 1982-இல் தேசிய மனநலத் திட்டம் பிறந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 1985 முதல் பல்லாரி மாவட்டத்தில் நடத்திய சோதனை, 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமாக உருப்பெற்று, மறு ஆண்டே திருச்சிராப்பள்ளியில் தமிழகத்தின் முதல் அடியை வைத்தது. ஆனால் அதன் கவனம் பெரும்பாலும் கடும் பித்தின் மீதும் வலிப்பின் மீதும் சென்றது. முதியோரின் மறதி நோய்க்குத் தனிக் கவனம் கிடைத்தது 10/66 என்னும் ஆராய்ச்சிக் குழுவினால். மறதி நோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்கு கூட அவர்களைப் பற்றியதன்று என்ற நிலையைச் சுட்டியே அப்பெயர் இடப்பட்டது. சென்னையும் வேலூரும் அக்குழுவின் ஆய்வுக் களங்களாயின.

இனி நிகழ்காலம். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 5-8-2021 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தெரிந்தெடுத்த தன்னார்வலர் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவருகின்றனர்; படுக்கையில் கிடப்பவரை நோய்த் தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வண்டியில் வந்து பார்க்கின்றனர். மனநலம் என்ற பெயர் இதன் முகப்பில் இல்லை. எனினும் பிள்ளைகள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, கிழவி மட்டும் எஞ்சிய வீட்டில் நடப்பதைச் சற்று அருகிலிருந்து நோக்கவேண்டும். "ஆயா, போன மாசம் குடுத்த பிரஷர் மாத்திரை எங்க?" என்று கேட்டு அட்டையை வாங்கிப் பார்க்கிறார் செவிலியர், பாதி மாத்திரை அப்படியே இருக்கிறது. அது மறதியாக இருக்கலாம். 'இனி உயிரோடிருந்து என்ன' என்ற வெறுப்பாகவும் இருக்கலாம். "ராத்திரி தூக்கம் வருதா? பக்கத்து வீட்டுக்குப் போய் உக்காந்து பேசுறியா?" என்ற அடுத்த வினாக்களே அவ்விரண்டையும் வேறு பிரிக்கத் தொடங்குகின்றன. நம் பக்கத்து முதியோர் 'துக்கம்' என்று சொல்வது அரிது. உடம்பெல்லாம் எரிச்சல், கைகால் அசதி, தலைபாரம் என்றே சொல்வர். அவ்வாறு சொல்லும்போது, வலிக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவது எளிது. வேலைப் பளுவில் அப்படி எழுந்துவிடுகிறவர்களும் உண்டு.

அண்ணாமலையாரின் ஊரென்றதும் கிரிவலப் பாதையில் துறவிகளோடு துணையற்றுக் கிடக்கும் முதியோரே பலர் நினைவுக்கு வருகின்றனர். தானமும் தர்மமும் அவர்களையே நாடிச் செல்கின்றன. கீழ்பென்னாத்தூர்க் கிராமங்களின் தனிமையோ பூட்டில்லாத வீட்டுக்குள், குடும்ப அட்டையோடும் மாதாந்திரப் பென்ஷனோடும் இருப்பது. 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த நிலை இது. இவர்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் வண்டி முன்பே ஓடிக்கொண்டிருக்கிறது, மாவட்ட மனநலக் குழுவும் இருக்கிறது. வீட்டுக்குச் செல்பவர் நிரப்பும் படிவத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அடுத்தாற்போல் உறக்கத்துக்கும் மறதிக்கும் மனச்சோர்வுக்கும் ஒவ்வொரு கட்டம் சேர்த்து, அது நிரம்பியவுடன் அக்குழுவுக்குத் தகவல் போகும்படி செய்வது, புதிய ஸ்தாபனம் எதையும் வேண்டாத காரியம்.