பந்தும் அகதியும்: கல்கத்தாவின் இரண்டு கழகங்கள் நமக்குச் சொல்லும் கதை

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். முக்கியமாக நம்மட கழகங்களின் நிர்வாகத்தில் இருக்கும் நானாமாரும் அண்ணன்மாரும் கடைசி வரைக்கும் வாசிக்க வேண்டும்.

போன ஞாயிறு பின்னேரம் அரையிறுதியில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். எந்த ஊர், எந்தக் கழகம், யார் முதலில் கை வைத்தது என்று நான் எழுதப்போவதில்லை. அதை எழுத ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது திங்கட்கிழமைக் காலையைப் பற்றி.

தரம் 10இல் படிக்கும் பிள்ளை ஒருவன் நெற்றியில் நாலு தையலோடு வகுப்புக்கு வந்தான். அவனோடு ஒரே வாங்கில் இருப்பவன் மற்ற அணியில் ஆடியவரின் தம்பி. வெள்ளிக்கிழமை வரைக்கும் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வந்தவர்கள். அன்றைக்கு ஒருவன் வாங்கின் இந்தத் தொங்கலிலும் மற்றவன் அந்தத் தொங்கலிலும் இருந்தார்கள்.

விசாரித்தேன். சண்டை கோலுக்காக வரவில்லை, மத்தியஸ்தரின் விசிலுக்காகவும் வரவில்லை. ஒரு சொல்லுக்காக வந்திருக்கிறது. "வந்தான் வரத்தான்" என்று வெளியே நின்ற ஒரு பெரிய மனிதர் கத்தியிருக்கிறார். தையல் போட்ட பிள்ளை என்னிடம் கேட்டான்: "சேர், நாங்க அப்ப எந்த ஊர் ஆக்கள்?"

அவனுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது நான் கைக்குழந்தை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். அங்கே பள்ளிக்கூடத்தில் என் பெயர் "அகதிப் பொடியன்". யுத்தம் முடிந்து ஊருக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தபோது இங்கே வேறு பெயர் காத்திருந்தது: "புத்தளத்தான்". என் வயதில் இருக்கும் பலருக்கு இந்த இரண்டு பெயரும் தெரியும். முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க உறவுகளுக்கும் இது புதிதில்லை. 2007 செப்டெம்பரில் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளிக்கிட்டவர்கள், ஊர்க்காணியில் கடற்படை முகாம் இருக்க, சொந்த ஊருக்கு வெளியே கொட்டில் போட்டு இருந்தார்கள்.

அன்றைக்குப் பாடத்தை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

கல்கத்தாவில் இரண்டு உதைபந்தாட்டக் கழகங்கள் இருக்கின்றன. ஒன்று மோகன் பகான், 1889 ஒகஸ்ட் 15இல் வடகல்கத்தாவில் தொடங்கியது. மற்றது ஈஸ்ட் பெங்கால், 1920 ஒகஸ்ட் 1இல் தொடங்கியது. ஆசியாவிலேயே பெரிய உதைபந்தாட்டப் பகை எது என்று கேட்டால் பலர் இந்த இரண்டின் பெயரைத்தான் சொல்வார்கள்.

மோகன் பகானுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1911 ஜூலை 29. அன்றைக்கு ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யோர்க்‌ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாள அணியை 2-1 என்று வென்றார்கள். பூட்ஸ் போட்ட பட்டாளத்துக்கு எதிராக மோகன் பகானின் பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். முதல் கோல் பட்டாளம் போட்டது. அதைச் சமன் செய்தவர் அணித் தலைவர் சிப்தாஸ் பாதுரி. வெற்றிக் கோலைப் போட்டவர் அபிலாஷ் கோஷ். ஒரு இந்திய அணி அந்தக் கேடயத்தை எடுத்தது அதுதான் முதல் தடவை. 1905இல் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாக வெட்டியிருந்த காலம் அது. அந்தப் பிரிவினையை வெள்ளைக்காரன் வாபஸ் வாங்கியதும் அதே 1911 டிசெம்பரில்தான். அப்போது ஒரு வங்காளியும் இது கிழக்கா மேற்கா என்று கேட்கவில்லை. அந்த அணியில் ஆடியவர்களில் பலர் கிழக்கு வங்காளத்துக் குடும்பங்களில் இருந்து வந்தவர்கள்.

பிறகு எப்படிப் பிரிந்தது?

1920 ஜூலை 28. கூச் பிகார் கிண்ணத்தில் மோகன் பகானுக்கு எதிராக ஜோராபகான் என்ற கழகம் ஆட வேண்டும். கடைசி நேரத்தில் சைலேஷ் போஸ் என்ற வீரரைக் காரணம் சொல்லாமல் அணியில் இருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் கிழக்கு வங்காளத்தவர். ஜோராபகானின் உபதலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி அவருக்காகக் கதைத்துப் பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை. அவர் கழகத்தை விட்டு வெளியேறினார். நாலு நாளைக்குப் பிறகு பிறந்ததுதான் ஈஸ்ட் பெங்கால் கழகம்.

ஒரு பிள்ளையைக் காரணம் சொல்லாமல் வெளியில் இருத்தியதால் வந்த வினை நூறு வருசத்துக்கும் மேலாக நடந்துகொண்டிருக்கிறது. நம்மட தெரிவுக் குழுக்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிப்பது நல்லது.

கல்கத்தாவில் பழைய குடிகளுக்கு "கோட்டி" என்று பெயர். கிழக்கில் இருந்து வந்தவர்களுக்கு "பாங்கால்". பேச்சு கொஞ்சம் வேறு, சமையல் கொஞ்சம் வேறு. கோட்டிக்கு இறால், பாங்காலுக்கு இலிஷ் மீன். மோகன் பகான் வென்றால் இறால் கறி, ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் கறி என்பது அங்கே வழக்கம். மோகன் பகானின் சின்னம் பாய்மரப் படகு, நிறம் பச்சையும் அரக்குச் சிவப்பும். ஈஸ்ட் பெங்காலின் சின்னம் தீப்பந்தம், நிறம் சிவப்பும் பொன்மஞ்சளும். லீக்கில் இரண்டும் முதலில் மோதியது 1925 மே 28இல். நேபாள் சக்கரவர்த்தி போட்ட ஒரேயொரு கோலால் ஈஸ்ட் பெங்கால் வென்றது.

அதுவரைக்கும் இது பகிடியோடு போகும் போட்டி. 1947இல்தான் அதற்குள் கண்ணீர் சேர்ந்தது. பாகிஸ்தான் பிரிந்தபோது கிழக்கு வங்காளம் வேறு நாடாகிவிட்டது. இலட்சக்கணக்கானவர்கள் பெட்டியும் பானையும் தூக்கிக்கொண்டு கல்கத்தாவுக்கு வந்தார்கள். ரயில் மேடையில் படுத்தார்கள். ஜாதவ்பூர், பிஜோய்கர் பக்கம் வெறுங்காணிகளில் கொட்டில் போட்டார்கள். ஊர்க்காரர் முகம் சுளித்தார்கள். வேலைக்குப் போட்டி, வீட்டுக்குப் போட்டி, ரேஷனுக்கு வரிசை. புத்தளத்தில் தண்ணீர்க் குழாயடியில் நம்மட உம்மாமார் கேட்ட பேச்சை நினைத்துப் பாருங்கள். அதைத்தான் அவர்களும் கேட்டார்கள்.

அந்தச் சனத்துக்கு வீடு இல்லை, காணி இல்லை, விட்டு வந்த ஊரின் பெயர் மட்டும் ஒரு கழகத்தில் இருந்தது: ஈஸ்ட் பெங்கால். சனிக்கிழமை அந்தப் பெயர் வென்றால் திங்கட்கிழமை வேலைத்தளத்தில் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

இனித்தான் நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொன்ன விடயம் வருகிறது.

அகதிகளின் கழகம் என்று பெயர் எடுத்த அந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 1949இல் இருந்து 1953 வரைக்கும் பொற்காலம். அப்போது முன்வரிசையில் ஆடிய ஐந்து பேரைப் "பஞ்ச பாண்டவர்" என்று சனம் தலையில் வைத்துக் கொண்டாடியது. அந்த ஐவர்: வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. பெயரைப் பார்த்தாலே விளங்கும். ஒருவர்கூட வங்காளி இல்லை. எல்லாரும் தென்னிந்தியாவில் இருந்து போனவர்கள். அதில் இரண்டு பேர் முஸ்லிம்கள். பிரிவினையின் இரத்தம் காயாத காலத்தில், முஸ்லிம் பெரும்பான்மை நாட்டில் இருந்து ஓடிவந்த இந்து அகதிகள், அகமது கானின் காலில் பந்து வரும்போது எழும்பி நின்று கத்தினார்கள்.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். "கோட்டிகளின்" கழகமான மோகன் பகானின் தடுப்புச் சுவராக இருந்தவர் கோஷ்டோ பால். "சீனப் பெருஞ்சுவர்" என்பது அவருக்கு வைத்த பட்டம். அவர் பிறந்தது கிழக்கு வங்காளத்தின் ஃபரீத்பூரில். வேறு கழகத்துக்குப் போகாமல் மோகன் பகானுக்கே ஆடிய சுனி கோஸ்வாமி பிறந்தது கிஷோர்கஞ்சில். அதுவும் கிழக்கு வங்காளம்தான். அந்தச் சண்டையின் கணக்குப்படி பார்த்தால் இவர்கள் இரண்டு பேரும் "வந்தான் வரத்தான்".

நம்மட சமூகத்தோடு சம்பந்தப்பட்ட மூன்றாவது கழகம் ஒன்றும் அங்கே இருக்கிறது. 1891இல் தொடங்கிய மொஹமடன் ஸ்போர்ட்டிங். 1934இல் கல்கத்தா லீக்கை வென்றது. அதற்கு முன்னர் ஒரு இந்தியக் கழகமும் அதை வென்றதில்லை. அதோடு நிற்காமல் 1938 வரைக்கும் ஐந்து வருசம் தொடர்ந்து வென்றது. 1940இல் டூரண்ட் கிண்ணத்தை எடுத்த முதல் இந்தியக் கழகமும் அதுதான். அந்தப் பெருமையை நாம் சொல்லிக்கொள்ளலாம். அதோடு அந்தக் காலத்தில் அரசியல் சூடேறியபோது மைதானத்துக்குள்ளும் சமயம் புகுந்து ஆட்டத்தைக் கசக்க வைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்திய அணியின் தலைவர் சுனி கோஸ்வாமி, மோகன் பகான்காரர். அவரோடு முன்வரிசையில் ஆடியவர் துளசிதாஸ் பலராம், ஈஸ்ட் பெங்கால்காரர். தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் எடுத்தார்கள். அந்த இறுதியாட்டத்தில் கோல் போட்டவர்களில் ஒருவர் ஜர்னைல் சிங், மோகன் பகானின் தடுப்பு வீரர். முந்திய ஆட்டமொன்றில் தலை உடைந்து தையல் போட்டிருந்ததால் பின்வரிசையில் ஆட முடியாமல் முன்னுக்கு வந்து ஆடினார். இதைச் சொன்னபோது என் வகுப்பில் எல்லாரும் அந்தப் பிள்ளையின் நெற்றியைப் பார்த்தார்கள். அன்றைக்கு முதல் தடவையாக அவன் சிரித்தான்.

ஆனால் கதையின் கறுப்புப் பக்கத்தை மறைக்க முடியாது.

1975 செப்டெம்பர் 30. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று வென்றது. அந்தத் தோல்வியைத் தாங்க முடியாமல் மோகன் பகான் ரசிகர் ஒருவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். ஐந்து வருசம் கழித்து, 1980 ஒகஸ்ட் 16, ஈடன் கார்டன் மைதானத்தில் லீக் ஆட்டம். மைதானத்துக்குள் இரண்டு வீரர்கள் மோதிக்கொண்டார்கள். மத்தியஸ்தர் இரண்டு பேரையும் வெளியேற்றினார். உள்ளே முடிந்த சண்டை மாடியில் தொடங்கியது. கல் பறந்தது. சனம் ஓடியது. ஒடுக்கமான வாசலில் நெரிபட்டும் மிதிபட்டும் 16 பேர் இறந்தார்கள். ஆட்டம் பார்க்க வந்தவர்கள், இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பவில்லை.

1971இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செல்டிக், ரேஞ்சர்ஸ் ஆட்டம் முடிந்து சனம் படியிறங்கும்போது நெரிசலில் 66 பேர் இறந்தார்கள். அந்த நெரிசலுக்குச் சண்டை காரணம் இல்லை. ஆனால் அந்த இரண்டு கழகங்களின் பகையும் அயர்லாந்தில் இருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கர்களுக்கும் ஊர்க்காரப் புரொட்டஸ்டாந்துகளுக்கும் இடையில் வளர்ந்ததுதான். உலகத்தில் எங்கே போனாலும் பந்துக்குப் பின்னால் "நீ எங்கிருந்து வந்தவன்" என்ற கேள்வி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கல்கத்தா அந்த 16 பேரையும் மறக்கவில்லை. ஒவ்வொரு வருசமும் ஒகஸ்ட் 16இல் உதைபந்தாட்டப் பிரியர் தினம் என்று இரத்ததான முகாம் நடத்துகிறார்கள். மைதானத்தில் சிந்திய இரத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுக்கிறார்கள். போட்டியும் குறையவில்லை. 1997 ஜூலை 13இல் சால்ட் லேக் மைதானத்தில் இந்த இரண்டும் மோதிய அரையிறுதியைப் பார்க்க 131,000 பேர் வந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது.

கடைசியாக 2024 ஒகஸ்ட். கல்கத்தாவில் அரச ஆஸ்பத்திரி ஒன்றில் கடமையில் இருந்த இளம் பெண் வைத்தியர் ஒருவர் வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டார். நகரமே கொதித்தது. 18ஆம் திகதி நடக்க இருந்த மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி நிறுத்திவிட்டார்கள். ஆட்டம் இல்லாவிட்டாலும் ரசிகர்கள் வந்தார்கள். மைதானத்துக்கு வெளியே மோகன் பகான்காரனும் ஈஸ்ட் பெங்கால்காரனும் சேர்ந்து நின்று நீதி கேட்டார்கள். மொஹமடன் ரசிகர்களும் கூட நின்றார்கள். பொலிஸ் தடியடி நடத்தியது. ஒரு கழகத்தின் ரசிகன் மற்றக் கழகத்தின் ரசிகனைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் படம் உலகமெல்லாம் போனது. நூறு வருசப் பகையாளியைத் தூக்கி வைக்கத் தோள் கொடுத்தவன் அடுத்த ஆட்டத்தில் தன் கழகத்துக்காகக் கத்தாமல் இருக்கப்போவதில்லை. இரண்டும் ஒரே மனிதனால் செய்யக்கூடியதுதான்.

இதுதான் நான் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை.

இனி பெரியவர்களுக்கு. போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மன்னாரில் உதைபந்து இல்லாமல் பின்னேரம் ஏது? அஸர் தொழுதுவிட்டு மைதானத்துக்கு ஓடுகிறவனும், பூசை முடிந்து வருகிறவனும் ஒரு பந்துக்குப் பின்னால் ஓடுவதுதான் இந்தக் கரையில் நமக்கு மிச்சமாக இருக்கும் நல்ல பழக்கம். கத்துங்கள், நக்கலடியுங்கள், வென்றால் இறால் கறி ஆக்குங்கள். ஆனால் ஒருவன் இடம்பெயர்ந்து பட்ட துன்பத்தை அவனுக்கு வசைச்சொல்லாக்க வேண்டாம். இந்தக் கரையில் யார் இடம்பெயராதவர்? 1990இல் ஒருவர், 2007இல் இன்னொருவர். முந்தி வந்தவர், பிந்தி வந்தவர் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

என்னிடம் மூன்று வேண்டுகோள் இருக்கின்றன. ஒன்று, இறுதியாட்டத்துக்கு முன்னர் இரண்டு கழகத் தலைவர்களும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒன்றாகப் போய் வாருங்கள். இரண்டு, எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று ஊர்ப்பெயர் சொல்லித் திட்டுகிறவர் எவராக இருந்தாலும், அவர் நம்மட சொந்தக்காரராக இருந்தாலும், அவரை வெளியே அனுப்பும் பொறுப்பை அவருடைய கழகமே எடுக்க வேண்டும். மூன்று, அணித் தெரிவில் விடுபடும் பிள்ளைக்குக் காரணம் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். "மகன், உன்ட மூத்தவாப்பா பிறந்த ஊர் இது. நீ படிக்கிற ஊர் இது. நீ பந்தடிக்கிற ஊர் இது. வேற என்ன வேணும்?" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

இண்டைக்குப் பள்ளிக்கூடம் விட்டபோது வாசலில் நின்று பார்த்தேன். இன்னும் இரண்டு சைக்கிளில்தான் போகிறார்கள். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போனார்கள். மிச்சத்தைப் பெரியவர்கள் நாம் பார்த்துச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.