மூதாட்டியரும் மரப்பெஞ்சும்

ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜிம்பாப்வே நாட்டில் 2005ஆம் ஆண்டில் சுமார் ஒன்றேகால் கோடி மக்கள் வாழ்ந்தனர். அவர்களுக்கென இருந்த உளநோய் மருத்துவர்களையோ ஏறக்குறைய இரு கை விரல்களிலேயே எண்ணி முடித்துவிடலாம். அந்த ஆண்டிலேதான் அந்நாட்டு அரசு நகர்ப்புறக் குடிசைகளையும் சிறு கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தோர் 7 இலட்சம் பேர் என ஐக்கிய நாடுகள் சபையின் தூதர் மதிப்பிட்டார்.

தலைநகர் ஹராரேயில் பணியாற்றிய உளநோய் மருத்துவர் டிக்சன் சிபாண்டாவை அக்காலத்தில் ஒரு சாவு உலுக்கிற்று. அவரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஏன் மருத்துவமனைக்கு அழைத்து வரவில்லை என வினவியபோது, பஸ் கட்டணத்துக்குப் பணமில்லை என்று தாய் விடையிறுத்தாள்.

நோயாளி வர இயலாதெனில், மருத்துவம் அவரிருக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டுமன்றோ? யாரைக் கொண்டு செல்வது? 2006இல் எம்பாரே என்னும் ஏழையர் பகுதியில் அவருக்குச் செவிலியர் கிடைக்கவில்லை. ஊரிலே நலப்பணி செய்துவந்த 14 மூதாட்டியரே கிடைத்தனர். அறையும் இல்லை, வெளியே திறந்த இடமே இருந்தது. அங்கே மரப்பெஞ்சு இடப்பட்டது. 'மனநல பெஞ்சு' எனப் பெயரிட்டார் மருத்துவர், அமர்வார் இல்லை. பித்தர் என்னும் பட்டத்தைச் சூடிக்கொள்ள யாருக்குத்தான் விருப்பம்? மூதாட்டியர் சொற்படி அது 'நட்புப் பெஞ்சு' ஆயிற்று; மக்களும் வரத் தொடங்கினர். இவ்வரலாற்றில் மருத்துவம் உண்மையில் தொடங்கிய இடம் இதுவே என்பேன்.

ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றொரு சொல் உண்டு. ஓயாது எண்ணி எண்ணி நோதல் என்பது அதன் பொருள். மருத்துவ நூல்களின் பெயர்களை விடுத்து அச்சொல்லையே மூதாட்டியர் கையாண்டனர். துயரை அளக்க 14 வினாக்கள் இருந்தன. அவை 1990களில் ஹராரேயில் ஆராய்ந்த இந்திய மருத்துவர் விக்ரம் படேலும் அவர்தம் துணைவரும் அம்மக்களின் பேச்சிலிருந்தே வகுத்தவை. பின்னர் நடப்பது எளியதே. வந்தவர் தம் தொல்லைகளையெல்லாம் சொல்வார். மூதாட்டி இடைமறியாது கேட்பாள். அவற்றுள் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்து, அதனைத் தீர்க்கச் சிறியதொரு வழி வகுத்துச் செல்வார். மறுமுறை வந்து விளைந்ததைக் கூறுவார். இவ்வாறு ஆறு அமர்வுகள். அறிவுரை கூறிப் பழகிய முதியோர்க்கு வாய்மூடிக் கேட்கும் கலையே கடினமான பாடமாயிருந்திருக்கும்!

ஆயினும் எல்லாத் துயருக்கும் பெஞ்சு போதாது. உயிரை மாய்க்கும் எண்ணமுடையோரை மூதாட்டியர் தேர்ந்த மருத்துவரிடமே அனுப்பினர்.

ஹராரேயின் 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. ஆறு திங்கள் கழித்து, வழக்கமான கவனிப்புப் பெற்றோருள் நூற்றுக்கு 50 பேரிடம் மனச்சோர்வின் குறிகள் இருந்தன. பெஞ்சில் அமர்ந்தோருள் அது நூற்றுக்கு 14 பேரிடமே காணப்பட்டது.

அமர்வுகள் முடிந்தபின் பெண்கள் வட்டமாகக் கூடுவர். கழிவுப் பிளாஸ்டிக்கைக் கொண்டு பைகள் பின்னுவர், பின்னிக்கொண்டே பேசுவர், பைகளை விற்றுச் சிறிது காசும் ஈட்டுவர்.