போட் மெயிலில் போன டிரங்குப் பெட்டி

"டிவியில கம்ப்யூட்டர்ல கைரேகையைப் போட்டதுமே ஆளோட போட்டோ வந்துடுது சார்!" ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சொன்னது. அவனுக்குப் பதிலாக நான் சொன்னது ஆளவந்தார் கொலை வழக்கு. என் வயதுக்காரர்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டிருப்பீர்கள்.

1952 ஆகஸ்ட் கடைசி. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி போகும் இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ், நாம் போட் மெயில் என்போமே, அதில் ஒரு டிரங்குப் பெட்டி. நம் புதுக்கோட்டை ஸ்டேஷனையும் தாண்டிப் போயிருக்கிறது. நாற்றம் தாங்காமல் மானாமதுரையில் இறக்கித் திறந்தால், உள்ளே தலையில்லாத உடல். சென்னையில் பேனாக் கடை வியாபாரி ஆளவந்தாரைக் காணோம் என்று அவர் மனைவி தேடிக்கொண்டிருந்த நேரம் அது. பிறகு ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது.

இரண்டும் ஒருவருடையதுதானா? சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணன் பரிசோதித்தார். காது குத்திய துளை, பல்வரிசை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் இருந்தவர். அங்கே பதிந்திருந்த கைரேகை பிணத்தின் விரலோடு ஒத்துப்போனது. பதிவு இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? இதை எந்த சீரியலும் சொல்வதில்லை.

இன்னொன்று. விஞ்ஞானம் சொன்னது செத்தது யார் என்பதை. கொன்றது யார் என்பதற்கு போலீஸ்காரர்கள் வீடு வீடாக விசாரித்து, சாட்சிகளைத் தேடி, பம்பாய் வரை போய் தேவகியையும் அவர் கணவர் பிரபாகர மேனனையும் பிடிக்க வேண்டியிருந்தது. நீதிபதி பஞ்சாபகேச ஐயர் மேனனுக்கு 7 ஆண்டும் தேவகிக்கு 3 ஆண்டும் தண்டனை கொடுத்தார். தூக்கை எதிர்பார்த்த ஊர் வாயை மூட முடியவில்லை. அது வேறு கதை.

(1849-லேயே அரசின் ரசாயனப் பரிசோதனைக் கூடம் சென்னையில் இருந்தது. நாட்டில் அதுதான் முதல்.)

மறுநாள் ஸ்டாம்பு பேடு கொண்டுபோனேன். நாற்பது பேரும் கட்டைவிரல் வைத்தார்கள். அதில் ஒருவனை மட்டும் தனியாக அழைத்து இன்னொரு தாளில் லேசாக இழுத்து வைக்கச் சொல்லி, "யாருடையது, கண்டுபிடியுங்கள்" என்று இரண்டு பூதக்கண்ணாடி கொடுத்தேன். ரேகை எங்கே முடிகிறது, எங்கே கிளை பிரிகிறது என்று எண்ண வேண்டும். பத்தே நிமிடத்தில் ஒரு மாணவி கடைசி பெஞ்சுப் பையன் பெயரைச் சொல்லிவிட்டாள். வகுப்பே "திருடன், திருடன்" என்று கத்தியது. அவன் முகம் சுருங்கிப் போனது. இன்றும் எனக்கு அது உறுத்தல்தான். விளையாட்டை அந்த அளவுக்கு விட்டிருக்கக் கூடாது.

"கிளைகளை எண்ணிக் காட்டு" என்றேன். மூன்றாவதிலேயே மாறியது. இழுத்து வைத்த ரேகை பாதி கலங்கியிருந்தது.

"அப்போ என்ன எழுதறது சார்?"

"சொல்ல முடியவில்லை என்று எழுது. நிபுணர்களும் அப்படித்தான் எழுதுவார்கள்."

அவள் அதை எழுதினாள். பிறகு கடைசி பெஞ்சுக்குப் போய் அவனிடம் ஏதோ சொன்னாள். மணி அடித்துவிட்டது, எனக்குக் கேட்கவில்லை.