ஆயுதங்களுக்கு மட்டும் கதை உண்டு

முதன்முதலில் நான் டிராகன் மேல் ஏறிப் பறந்தது பத்தாங் பெர்ஜுந்தையில்தான். ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. ஆரம்பப்பள்ளி முடிக்கிற வயது. பசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய திருட்டு சீடி, அண்ணனின் பழைய பிளேஸ்டேஷன் 2. உறை மேலும் ஜப்பானிய எழுத்து, உள்ளேயும் ஜப்பானிய மொழி. ஒரு வரி புரியாது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. பட்டனை அமுக்கினால் வாள் வீசும், கும்பல் கும்பலாகச் சிப்பாய்கள் விழுவார்கள், அலுத்துப்போனால் டிராகன் மேல் ஏறி மேலேயிருந்து எரிக்கலாம். "இன்னும் எத்தனை பேரடா கொல்லுவ?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பார். "தெரியலம்மா, நிறைய" என்பேன்.

அந்த ஆட்டத்தின் ஜப்பானியப் பெயர் டிராக்-ஆன் டிராகூன். மேலை நாடுகளில் டிராக்கென்கார்ட். கேவியா என்ற நிறுவனம் உருவாக்கி, ஸ்குவேர் எனிக்ஸ் 2003 செப்டம்பர் 11ஆம் தேதி ஜப்பானில் வெளியிட்டது. இயக்குநர் யோகோ டாரோ. முதலில் நினைத்தது டிராகனில் பறந்து போடும் வான்சண்டையை மட்டும்தான். டைனஸ்டி வாரியர்ஸ் 2 அப்போது சக்கைப்போடு போட்டதால், தரையில் நின்று படையையே வெட்டிச் சாய்க்கும் பகுதியும் சேர்ந்துகொண்டது. சண்டை சலிப்பூட்டுகிறது என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். உண்மைதான், சலிக்கும். ஆனால் எதைச் செய்து சலிக்கிறோம் என்று யாராவது கேட்டார்களா?

பல்கலைக்கழக விடுதியில் ஆங்கிலப் பதிப்பு கிடைத்தபோதுதான் கதையே தெரிந்தது. நாயகன் கைம், பெற்றோரை டிராகனுக்குப் பறிகொடுத்தவன். சாகக் கிடக்கும்போது, தன்னைப் போலவே சாகக் கிடக்கும் ஒரு டிராகனோடு ஒப்பந்தம் போடுகிறான். அதற்கு விலை அவன் குரல். ஊமையாகிவிட்டவன் கொல்லும்போது மட்டும் சிரிக்கிறான். கூட வருகிறவர்களில் குழந்தைகளைத் தின்னும் எல்ஃப் பெண் ஒருத்தி. இத்தனை பேரைக் கொன்றாய் என்று ஆட்டங்கள் பெருமையடித்துக்கொள்வது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்ததால்தான், பைத்தியங்களையே பாத்திரங்களாக வைத்ததாக யோகோ டாரோ பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். 2010இல் நியர் செய்யும்போது அவர் எண்ணம் மாறியிருந்தது. இரட்டைக் கோபுரத் தாக்குதலையும் அதைத் தொடர்ந்த போரையும் பார்த்த பிறகு, கொல்வதற்குப் பைத்தியம் தேவையில்லை, தன் பக்கம் நியாயம் இருப்பதாக நம்பினாலே போதும் என்றார். (வெளியீட்டுத் தேதி தற்செயல்தான்.)

நான் சிறுவனாக ஆடியது, குற்றச்சாட்டு கழற்றப்பட்ட பிரதி. கொலை மட்டும் என் கைக்கு வந்திருந்தது.

ஆட்டத்தில் மொத்தம் 65 ஆயுதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வரலாறு உண்டு. யார் செய்தது, யார் கையில் இருந்தது, அவன் எப்படி அழிந்தான். அந்த ஆயுதத்தால் கொல்லக் கொல்லத்தான் கதை பகுதி பகுதியாகத் திறக்கும். வாளுக்கு வரலாறு கிடைக்கிறது. வெட்டுப்பட்டுக் கிடக்கும் சிப்பாய்க்கு முகம்கூடக் கிடையாது. இந்த இடத்தில் யோகோ டாரோவும் தப்பவில்லை என்பேன்.

இது எனக்குப் புதிதில்லை. கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவாத்தி ஏறியவர்களுக்குத் தெரியும். 1784இல் டச்சுக்காரர்கள் அந்தக் குன்றுக் கோட்டையைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் விரட்டிவிட்டார். பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. குற்றவாளிகளின் தலையை வெட்டியதாகச் சொல்லப்படும் கல்லும் இருக்கிறது, பக்கத்தில் நின்று படம் எடுக்கிறோம். கல்லுக்குப் பெயர் உண்டு. தலை போனவர்களுக்கு?

ரொம்ப தூரம்கூடப் போக வேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துக்குத் தெனமாராம் என்று பெயர். காதுக்குத் தென்னமரம், நட்டதோ செம்பனை. 1917இல் நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டது அங்கேதான். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 1930இல் நாவலுக்காகக் கோன்கூர் பரிசு வாங்கியவர். துரை மண்வெட்டி பிடித்துக் குழி வெட்டியிருப்பார் என்று தோட்டத்தில் பிறந்த யாரும் நம்பமாட்டார்கள்.

65 ஆயுதங்களையும் சேர்த்தால்தான் ஆட்டத்தின் ஐந்தாவது முடிவு திறக்கும். நான் 58இல் நின்றுவிட்டேன், மிச்சத்தை யூடியூப்பில் பார்த்தேன். கைமும் டிராகனும் வேறோர் உலகத்தில், நம்முடைய டோக்கியோவின் மேல் வந்து விழுகிறார்கள். இறுதி எதிரியை ஒருவழியாக வீழ்த்திய கையோடு, ஒரு போர் விமானத்தின் ஏவுகணை வந்து இருவரையும் முடித்துவிடுகிறது. விமானிக்கு அவர்கள் யார் என்று தெரியாது. பத்து வருடம் கழித்துப் பார்த்தும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முதல் தடவையாக நாங்கள் பெயரில்லாமல் விழுகிற பக்கத்தில் இருந்தோம்.

போன பள்ளி விடுமுறைக்கு அக்கா மகனை மெலாவாத்திக்குக் கூட்டிப்போனேன். பீரங்கி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மாமா, இது எத்தனை பேர சுட்டுச்சு?" என்றான். பலகைகளை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.

"தெரியலடா" என்றேன். அதற்குள் அவன் குதித்து இறங்கி, குரங்குக்குக் கடலை போடப் போய்விட்டான்.