பின்புற உதிரிச் சக்கரத் தாங்கி

பின்புற உதிரிச் சக்கரத் தாங்கி என்பது கரடுமுரடான நிலத்தில் செல்லும் ஊர்திகளின் பின்பக்கத்தில் மாற்றுச் சக்கரத்தை ஏந்தும் எஃகு அமைப்பு ஆகும். மாற்றுச் சக்கரம் தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் ஸ்டெப்னி எனப்படுகிறது. இப்பெயர் வேல்சிலுள்ள லனெத்லி நகரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. டேவிஸ் சகோதரர்கள் 1904 இல் அங்கு உதிரிச் சக்கரத்தை உருவாக்கினர்.

தேவை

சென்னையை அடுத்துள்ள மகிந்திரா ஆய்வு மையத்தில் உருவாக்கப்பட்டு 2020 இல் வெளிவந்த தார் ஊர்தியில், உதிரிச் சக்கரம் பின்கதவிலேயே பொருத்தப்பட்டுள்ளது. உரிமையாளர் பெரிய டயர்களுக்கு மாறும்போது கதவின் கீல்கள் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியுள்ளது. இதனால் கதவு தொய்வதும் தகட்டில் விரிசல் விழுவதும் உண்டு.

வடிவமைப்பு

தனித் தாங்கியில் சுமை கதவைத் தவிர்த்து அடிச்சட்டத்தைச் சேர்கிறது. எடுத்துக்காட்டாக, 30 கிலோ சக்கரம் கீலிலிருந்து 60 செ.மீ. தொலைவில் இருந்தால் ஏறத்தாழ 180 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை உண்டாகும். குலுங்கும்போது இது பன்மடங்காகும். ஆகவே சுழல் கையின் அச்சில் கூம்பு உருளைத் தாங்கிகளும், மறுமுனையில் உறுதியான பூட்டும் அமைக்கப்படுகின்றன. சக்கரம் பதிவெண் பலகையையும் பின்விளக்குகளையும் மறைக்கக்கூடாது. மிகத் தாழ்வாக அமைந்தால் மேட்டிலிருந்து இறங்கும்போது தரையில் உராயும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இன்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடுமாறு ஊர்தியை மாற்றுதல் கூடாது. 2019 இல் இந்திய உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. எனவே தாங்கியைச் செய்யுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று.