‘எப்படி இருக்கீங்க?’ - புற்றுநோயாளியிடம் கேட்கப்படும் 30 கேள்விகள்

மருத்துவர் நலம் விசாரித்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்று முடித்துவிடுவார்கள். நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை, இரவில் தூக்கமில்லை என்பதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் மறைந்துபோகும். ஸ்கேனிலும் அது தெரியாது.

இதை அளப்பதற்காக வந்தவைதான் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாள்கள். உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது 1993-ல் வெளியான ஐரோப்பிய அமைப்பொன்றின் 'கியூ.எல்.கியூ-சி30'. தமிழிலும் கிடைக்கிறது. வலி, களைப்பு, வாந்தி, தூக்கம், கவலை, குடும்ப வாழ்க்கை, பணக்கஷ்டம் என 28 கேள்விகளுக்கு 1 முதல் 4 வரை குறிக்க வேண்டும். கடைசி இரண்டு, கடந்த வாரத்தின் உடல்நிலையையும் வாழ்க்கைத் தரத்தையும் மொத்தமாக 1 முதல் 7 வரை மதிப்பிடச் சொல்கின்றன. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து கிண்டி வழியாகப் போனால் வரும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியது. நம் நாட்டு நோயாளிகளுக்கென்றே ஒரு கேள்வித்தாளை அதுவும் உருவாக்கியிருக்கிறது.

காகிதத்தில் எழுதியது ஃபைலில் தூங்கும். டேப்லெட்டிலோ கணினியிலோ பதிந்தால் உடனே நர்ஸுக்குப் போகும். நியூயார்க்கில் கீமோ பெற்ற 766 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 12 தொந்தரவுகளை இணையவழியில் தெரிவித்துவந்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 31.2 மாதங்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26. முடிவு 2017-ல் வெளியானது. ஐந்து மாதம் என்பது சிறிய விஷயமா?

வலியைச் சொல்வது சபுருக்கு முரண் என்று சிலர் தயங்குகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் காய்ச்சலில் இருந்தபோது இப்னு மஸ்ஊத் (ரலி) விசாரிக்க, இரண்டு பேர் படும் வேதனை தமக்கு இருப்பதாகச் சொன்னார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. கேட்டவருக்கு அளவோடு சொன்ன பதில் அது!

இன்னொரு சிக்கல், போன் மகன் கையில் இருப்பது. அம்மாவுக்காக அவரே 'இல்லை, இல்லை' என்று தட்டிவிடுகிறார். மார்பகப் புற்றுநோய்க்கான கூடுதல் தாளில் தாம்பத்தியம் பற்றிய கேள்விகளும் உண்டு. மகன் முன்னால் எந்தத் தாய் பதில் சொல்வார்? படிக்கத் தெரியாதவருக்கு மகளோ நர்ஸோ வாசித்துக் காட்டலாம். பதில் நோயாளியுடையதாகவே இருக்கட்டும்.

பதிவு செய்துவிட்டோமே என்று காத்திருக்கவும் கூடாது. கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.